ஐம்பது குரலும் ஒரே தொண்டையும்

அத்தியாயம் 17

“ஓம்,” என்றாள் புஸ்பம்.

கொம்பியூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் ‘இல்லை’ என்று எழுதிக் காட்டியது.

“மறுகா ஒருக்காச் சொல்லுங்க அம்மா. மைக்குக்குக் கிட்ட வந்து.”

“ஓம்.”

‘இல்லை.’

“நான் ஓம் எண்டுதானே சொல்லுறன். அதுக்குக் காது கேக்காதா?” புஸ்பம் மைக்கை மேசையில் வைத்தாள். “அடுப்பில கறி கிடக்கு மகள். இதோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல.”

தாய் குசினிக்குள் போய்விட்டாள். சுலோஜனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் பல்கலைக்கழக வளாகத்தில் பிரசென்டேஷன். செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு மூன்று மாதமாகச் செய்த குழு ஆய்வு அது. போன கிழமை வரை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொன்ன புரோகிராம், பெற்ற தாயின் வாயிலிருந்து வந்த ஒற்றைச் சொல்லை இரண்டு முறை தலைகீழாகச் சொல்லியிருக்கிறது.

இந்த வீட்டோடு முதலிலிருந்தே வருகிறவர்களுக்கு மற்றது தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடிக் கடற்கரையோரம் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீடு இது. சுனாமிக்கு அடுத்த வருடம் உயர்தரச் சோதனை எழுதுகிற நிலையில் சுலோஜனா இருக்கவில்லை. பிறகு தம்பி உதயரூபனோடு சேர்ந்து எழுதினாள், அவனோடு சேர்ந்தே வளாகத்துக்கும் போனாள். இரண்டு வயது மூத்தவள், தம்பியின் வகுப்பில். போதாக்குறைக்கு, விரிவுரையாளர் குலுக்கிப்போட்டுக் குழு பிரித்தபோது அவனும் அவள் குழுவில்தான் வந்து விழுந்தான். மூன்றாமவன் காத்தான்குடி ஸாஜித்.

ஆய்வின் யோசனை சுலோஜனாவுடையது. வெள்ளமோ புயலோ கடலோ வந்தால், தொலைபேசி தானாகவே ஒவ்வொரு வீட்டையும் அழைக்கும். ‘உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா?’ என்று கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். எந்த வீட்டுக்கு முதலில் ஆட்கள் போகவேண்டும் என்று கொம்பியூட்டர் பிரித்துக்கொள்ளும். அப்படிப் பிரிக்க அது முதலில் பழகவேண்டும். பழகுவதற்குப் பல ஊர், பல வயது, பலவிதமான குரல்கள் வேண்டும்.

ஸாஜித் காத்தான்குடியில் இருபது குரல் எடுப்பதாகவும், உதயன் வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பக்கம் முப்பது குரல் எடுப்பதாகவும் பேச்சு. புரோகிராம் எழுதுவது, பிழை திருத்துவது, அறிக்கை அடிப்பது எல்லாம் சுலோஜனா. மேடையில் பேசுவது மட்டும் உதயன். ‘அவன் நல்லாக் கதைப்பான்’ என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். சுலோஜனாவிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தில் நல்ல புள்ளி வந்தால்தான் அவள் லாபில் உதவிப் போதனாசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அது அவளுக்கு மட்டும்தான் நினைவில் இருந்தது.

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிந்த குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

ஸாஜித்தின் குரல்கள் ஒழுங்காக இருந்தன. வெட்கத்தில் சிரிக்கும் பெண்கள், பின்னால் பாங்குச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. பிறகு உதயனின் குரல்கள்.

‘மண்டூர், பெண், அறுபது வயது.’

இழுத்துப் பிடித்த மெல்லிய குரல் ஒன்று ஓம் என்றது. அதற்குப் பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது. கோழிக்கும் பின்னால், தூரத்தில், தெளிவாக ஒரு சத்தம்: “ச்சூ, இந்தச் சனியன் பிடிச்ச கோழி. உதயா, உன்ட சேட்டக் காயப் போட்டியா?”

சுலோஜனா அதைத் திரும்பக் கேட்டாள். பிறகு ‘தும்பங்கேணி, ஆண், நாற்பத்தைந்து’. அதே கோழி. ‘பழுகாமம், பெண், முப்பது’. கோழி இல்லை, ஆனால் சொல்லி முடிந்ததும் ஒரு சின்னச் செருமல். உதயன் சோறு தின்று எழும்பும்போது செருமுகிற அதே செருமல்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். உதயன் மேடைக்குப் போடவேண்டிய வெள்ளைச் சேட்டை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் தாய் அவனுக்கென்று அவித்து வைத்த முட்டை.

“மண்டூரில அறுபது வயசுப் பொம்பிளைட வீட்டில எங்கட கோழி என்னடா செய்யுது?”

உதயன் ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “கோழி எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தானே கத்தும்.”

“அம்மாவுமா?”

அவன் சேட்டின் மடிப்பை விரலால் நீவினான்.

“எத்தினை பேர்ட குரல் உண்மை?”

“அக்கா, நான் போனன். அங்க ஆரும் கதைக்கல்ல.”

“எத்தினை எண்டு கேட்டன்.”

“ஒண்டு.”

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். இப்போது எல்லாம் விளங்கியது. முப்பதில் இருபத்தொன்பது ஒரே தொண்டை. ஸாஜித்தின் இருபதும் அதற்குள் அமுங்கி, அவன் பெண்குரலில் பேச இழுத்த இழுப்பைத்தான் கொம்பியூட்டர் பெண்குரல் என்று பழகியிருக்கிறது. அதே குரல்களை வைத்தே சோதித்தால் தொண்ணூறு வராமல் வேறு என்ன வரும்? நிசமான ஒரு பெண் வந்து வாய் திறந்ததும் அது தடுமாறிவிட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஸாஜித் உள்ளே வந்து, இருவரின் முகத்தையும் பார்த்து, “என்ன நடந்த?” என்றான். சுலோஜனா சொன்னாள்.

“நான் உம்மாவை, ராத்தாமாரை, மாமிமாரைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்த குரல் அது,” என்றான் ஸாஜித். அவன் சத்தம் போடுகிற ஆளில்லை. இப்போதும் போடவில்லை. “என்ட ராத்தா ஒராள் மைக்கைக் கண்டா வீட்டுக்குள்ள ஓடிருவா. மூணு நாள் நடந்தன். நீ அறைக்குள்ள கதவைச் சாத்திப்போட்டு ஊரையே உண்டாக்கி இரிக்கிறாய்.”

“இப்ப என்ன குறைஞ்சு போச்சு?” என்றான் உதயன். “மேடையில மைக்கில கதைக்கப் போறது நான். என்ட குரலுக்கு அது பிழை விடாது. ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்,” என்றாள் சுலோஜனா.

அவள் திரும்பிப் போய் உதயனின் குரல்களை அழிக்கத் தொடங்கினாள். மண்டூர்ப் பெண் போனாள். தும்பங்கேணி ஆள் போனார். வெள்ளாவெளி, பழுகாமம், எல்லோரும் போனார்கள். கடைசி ஒன்றில் அவள் விரல் வைத்தபோது உதயன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“அதை அழிக்காத. அதுதான் உண்மை.”

“உன்ட உண்மையைக் கேப்பம்,” என்று ஸாஜித் ஹெட்போன் வயரை இழுத்துக் கழற்றிவிட்டு அதைப் போட்டான். ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. நெல்வயலில் அடிக்கிற காற்று.

முதலில் உதயனின் சொந்தக் குரல். “உங்கட வீட்டில எல்லாரும் இரிக்கிறாங்களா? ஓம், இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க.”

ஒரு ஆண் இருமினார். “ஆரு கேக்கிற இதை?”

“கொம்பியூட்டர். சும்மா ஓம் எண்டு சொல்லுங்க.”

மறுபடி இருமல்.

“எப்பிடி மனே ஓம் எண்டு சொல்லுற? ஒருத்தன் இல்லையே.”

“அப்பா, இது படிப்புக்கு. அப்பிடி யோசிக்காதீங்க.”

“அப்ப இல்ல எண்டு எழுதிக்க. இல்ல.”

பதிவு நின்றது. ஸாஜித் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். சுலோஜனா திரும்பிப் பார்த்தாள். குசினி வாசலில் தாய் அகப்பையோடு நின்றாள்.

தகப்பன் வினாயகமூர்த்தியின் குரல் இந்த வீட்டுக்குள் கேட்டதே இல்லை. வீட்டுத்திட்டத்தில் வீட்டின் திறப்பைக் கையில் கொடுத்த அன்று அவர் வாசல்வரை வந்து, சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, வாவியைக் கடந்து போனவர்தான். சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிறு காலையில் கடைக்குட்டி ரதீஸைத் தோளில் வைத்துக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனவர், தனியே திரும்பி வந்தார். அகதி முகாமாகிப்போன பள்ளிக்கூடத்தின் வாசலில் புஸ்பம் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: “நீங்க மட்டும் என்னத்துக்கு வந்தீங்க?” அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே அவர் பதில் சொல்லவில்லை. படுவான்கரையில் ஷெல் அடித்த மாதங்களில் அவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. சண்டை அங்கே ஓய்ந்தபின், வேளாண்மை வெட்டு முடிகிற காலங்களில் யாரோ ஒருவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கும். புஸ்பம் யார் அனுப்பியது என்று கேட்கமாட்டாள். உலையில் போடுவாள்.

“இன்னொருக்காப் போடு,” என்றாள் புஸ்பம்.

சுலோஜனா போட்டாள். காற்று, இருமல், கேள்வி, பதில். புஸ்பம் நின்றபடியே கேட்டாள்.

“எங்க இரிக்கார்?”

“மண்டூருக்கு அங்கால, வயல் வட்டைக்குள்ள ஓலை வாடி போட்டு இரிக்கார் அம்மா. கால்ல காயம்,” என்றான் உதயன். “நான் உங்களிட்டச் சொல்ல...”

“கறி அடிப்பிடிக்குது,” என்று புஸ்பம் உள்ளே போனாள். அங்கிருந்தே சொன்னாள்: “நேரமாகுது. திண்டுட்டு வெளிக்கிடுங்க. அந்தப் பிள்ளைக்கும் சோறு போடுறன், இருக்கச் சொல்லு.”

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். முட்டையை உதயன் தொடவில்லை.

*

ஸாஜித் கொம்பியூட்டர்ப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். அக்காவும் தம்பியும் பஸ்ஸில். யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சாவடிக்குச் சாவடி எல்லோரும் இறங்கி நடந்துதான் ஏறவேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆனால் சோதனைச்சாவடிகளில் பஸ் இன்னும் நின்று நின்றுதான் போனது. ஒவ்வொரு முறை நின்றபோதும் சுலோஜனா ஒரு கேள்வி கேட்டாள்.

“எத்தினை தரம் போனாய்?”

“நாலஞ்சு தரம். முதல் நாள் குரல் எடுக்கத்தான் போனன். வட்டை வரம்பில ஒராள் நொண்டி நொண்டி வாறாரு. கிட்டப் போனா அப்பா. அந்தக் காயம் கத்தி வெட்டினது, சரியா ஆறல்ல. வெட்டின கதிர் அப்பிடியே கிடக்கு. சூடடிக்க ஆளில்ல. பிறகு போன நாளெல்லாம் அந்த வேலைதான். நான் என்ன செய்யுற?”

“என்னிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“அவரு சொல்ல வேணாம் எண்டாரு.”

“அம்மாவைக் கேட்டாரா?”

உதயன் ஜன்னலைப் பார்த்தான். “கேக்கல்ல. அரிசி வந்து சேந்ததா எண்டு கேட்டாரு.”

சுலோஜனாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தந்தை மீது, தாய் மீது, பக்கத்தில் ஸ்திரி கலையாமல் இருக்கிற இவன் மீது. இந்த வீட்டில் ஒருவருக்காவது ஒரு விஷயத்தை வாயைத் திறந்து உரிய ஆளிடம் சொல்லத் தெரியாதா?

லாபில் பத்துக் குழுக்கள் முறைக்குக் காத்திருந்தன. அகீலா மிஸ் முன்வரிசையில் இருந்தாள். ஏறாவூர்க்காரி, கண்டிப்பானவள், களைத்துப் போயிருந்தாள்.

உதயன் வழக்கம்போல் அழகாகத் தொடங்கினான். தொலைபேசி எப்படி அழைக்கும், எப்படிக் கேட்கும் என்று சொன்னான். ‘ஐம்பது பேரிடமிருந்து குரல்கள் திரட்டப்பட்டன’ என்ற வரி சுவரில் விழுந்தபோது அவன் நின்றான். அடுத்த சொல் வரவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தான்.

சுலோஜனா எழும்பி முன்னால் வந்தாள்.

“மிஸ், இது ஐம்பது பேர் இல்ல. இருபது பேர்ட குரலை ஸாஜித் எடுத்தது. மற்றதில ஒண்டைத் தவிர எல்லாம் என்ட தம்பி. ஆண், பெண், கிழவி எல்லாம் அவன்தான். இண்டைக்குக் காலைலதான் கண்டுபிடிச்ச. பின்னால எங்கட கோழி கத்தினதால.”

வகுப்பு சிரித்தது. அகீலா மிஸ் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“காலையில இருந்து கேட்டுட்டு இருக்கன். ஒரு குரூப்புக்குக் கரண்ட் இல்ல. ஒரு குரூப்புக்கு வைரஸ் வந்துட்டாம். உங்களுக்குக் கோழி.” பிறகு உதயனைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. ஏன் செஞ்சீங்க?”

நன்றாகக் கதைக்கத் தெரிந்த உதயன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“முதல் வீட்டில ஒரு அம்மா இருந்தா மிஸ். வீட்டில எல்லாரும் இரிக்கிறாங்களா எண்டு கேட்டன். மைக்கைப் பாத்தா. ‘இந்தக் குரலை எங்க மகன் கொண்டுபோறாய்? என்ட பொடியனக் கூட்டிப் போனவங்களும் இப்பிடித்தான் மரியாதையாக் கேட்டாங்க’ எண்டா. ரெண்டாவது வீட்டில கதவைச் சாத்திட்டாங்க. மூணாவது வீட்டுக்கு நான் போகல்ல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். அவர்கள் யுத்தத்தில் அடிபட்ட வாகரைப் பக்கத்துப் பிள்ளைகள்.

“இதை ஏன் அறிக்கையில எழுதல்ல?” என்று கேட்டாள் அகீலா மிஸ்.

“எழுதலாம் எண்டு தெரியாது மிஸ்.”

“பயப்படுற சனத்துக்கு, அவங்க பயப்படுற அதே கேள்வியைக் கேக்கிற மெஷினை உதவி எண்டு கொண்டுபோக ஏலாது. முதல்ல அதைத்தான் எழுதியிருக்கணும்.” அவள் பேனையை மூடினாள். “இண்டைக்கு உங்க மூணு பேருக்கும் மார்க்ஸ் இல்ல. சோதனைக்கு முதல் உண்மையான குரலோட வாங்க. எத்தினை கிடைக்குதோ அத்தினை போதும். உதயரூபனுக்குத் தனியாத்தான் புள்ளி போடுவன், அது குறைவாத்தான் இரிக்கும். கேள்வியையும் மாத்துங்க.”

“என்னண்டு மாத்துற மிஸ்?” என்றாள் சுலோஜனா.

“அது உங்கட ஆய்வு. என்னிட்டக் கேக்காதீங்க.”

வெளியே வந்ததும் ஸாஜித், “நானும் அக்கரைக்கு வாறன்,” என்றான். “உம்மா ஏசுவா. ஏசட்டும்.” உதயனிடம் அவன் நேராகப் பேசவில்லை. ஆனால் பஸ் வரும்வரை அவர்களோடுதான் நின்றான்.

*

வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளையிடம் இருந்தது.

“அம்மா எங்க மாமி?”

“நீங்க போன கையோட குளிச்சு, சாறி மாத்திட்டுப் போனா. எங்க எண்டு கேட்டன். குருமண்வெளித் துறைக்கு எண்டா. மண்டூர்க் கோயிலுக்கா எண்டு கேட்டன். அதுக்கு ஒண்டும் சொல்லல்ல.” ஆச்சிப்பிள்ளை திறப்பை நீட்டினாள். “இவ்வளவு நேரமும் துறையிலதான் இரிக்காவாம். என்ட மகன் இப்பத்தான் கண்டுட்டு வந்து சொன்னான். ரெண்டு பாதை வந்து போயிட்டு, ஏறல்லையாம்.”

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். அக்காவும் தம்பியும் ஓட்டோ பிடித்துத் துறைக்கு வந்தபோது அது புறப்படத் தயாராக நின்றது. புஸ்பம் அதில் ஏறியிருந்தாள். காவல் நின்ற ஆமிக்காரன் அவள் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு களிம்புக் குப்பியும் சுத்தமான துணிச்சுருளும்தான்.

“அம்மா, இறங்குங்க,” என்றாள் சுலோஜனா. “பொழுது படப் போகுது. நாளைக்கு மூணு பேரும் போவம்.”

“நாளைக்கு எண்டா எனக்கு மனசு மாறிரும். ரெண்டு பாதையை விட்டுட்டுத்தான் இதில ஏறின நான்.”

“நாங்களும் வாறம்.”

“வேணாம். அந்தாளிட்ட நான் தனியாக் கதைக்கணும்.”

“என்ன கதைக்கப் போறீங்க?”

“கொம்பியூட்டருக்குச் சொன்னதை எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லல்ல எண்டு கேக்கப் போறன்.” புஸ்பம் சாறித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரலில் கோபம்தான் இருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. “நான் அண்டைக்குக் கேட்டது பிழைதான். அதுக்கு அஞ்சு வருசமா ஒரு மனுசன் வாயை மூடிட்டு அரிசி அனுப்புறதா? வீட்டில சோறு இரிக்கி, கறியைச் சூடாக்கித் தின்னுங்க. கதவைப் பூட்டிட்டுப் படுங்க.”

பாதை கரையைவிட்டு நகர்ந்தது. புஸ்பம் அக்கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சுலோஜனாவுக்கு நாள் முழுக்க இருந்த எரிச்சல் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. மார்க்ஸ் போனது போகட்டும். ஒருவராவது இன்றைக்கு வாய் திறக்கப் போகிறார். அதைத் தம்பியிடம் சொல்லத் திரும்பினாள்.

உதயனின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“என்னடா?”

“அக்கா, அம்மா போனை எடுத்திட்டுப் போனாவா?”

“இல்ல, பையைத் திறந்தப்ப அதில இருக்கல்லையே. ஏன்?”

அவன் பாதையைப் பார்த்தான். அது வாவியின் நடுவுக்குப் போய்விட்டது. கூப்பிட்டாலும் கேட்காது.

“அந்த வாடியில அப்பா தனிய இல்ல,” என்றான். “ஒரு பெட்டைக்குட்டி இரிக்கி. நாலு வயசு மட்டில. ஆருட பிள்ளை எண்டு கேட்டன், அப்பா சொல்லல்ல. அது அவரை அப்பா எண்டுதான் கூப்பிடுது.”

“இதை எப்படா என்னிட்டச் சொல்லலாம் எண்டு இருந்தாய்?”

உதயன் துறை விளிம்புக்கு ஓடினான். அக்கரையில் பாதை முட்டி நின்றது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அந்தத் தூரத்தில் யார் தாய் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த பாதை எப்போது என்று சுலோஜனா துறைக்காரரிடம் கேட்டாள். இன்றைக்கு இதுதான் கடைசி என்றார் அவர்.